எம்ஜிபி ஏற்றத்தில் திணறினால்: பெட்ரோல் பத்தாத கோளாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஊரில் தயாரான ஸ்போர்ட்ஸ் கார். திறந்த கூரை ரோட்ஸ்டரும் மூடிய கூரை ஜிடியும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதனால் இன்றைக்கும் நிறையப் பேரிடம் இருக்கிறது, ஒரே கோளாறு நிறையப் பேருக்கு வருகிறது. என்னிடம் 1971 மாடல் ஒன்று இருக்கிறது. அதோடு நான் பட்ட பாடு தெரிந்த நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று போனில் கேட்டதையெல்லாம் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

டேங்க் முக்கால்வாசி இருக்கு. அப்புறம் எப்படி பெட்ரோல் பத்தாம போகும்?

எஞ்சின் நேராக டேங்கிலிருந்து குடிப்பதில்லை. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரை ஒட்டி ஃப்ளோட் சேம்பர் என்று ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது, அதிலிருந்துதான் குடிக்கிறது. எம்ஜிபியில் பெரும்பாலும் எஸ்யூ கம்பெனியின் கார்புரேட்டர் இரண்டு, ஆகவே கிண்ணமும் இரண்டு. ஒவ்வொன்றிலும் நிற்பது ஒரு டீ கிளாஸ் அளவுகூட இல்லை. குடிக்கக் குடிக்க அதை நிரப்புவதுதான் பின்னாலிருக்கும் மற்ற எல்லாவற்றின் வேலை. நிரப்பும் வேகம் குறைந்தால் கிண்ணத்தில் மட்டம் இறங்கும், கலவையில் காற்று கூடும், எஞ்சின் திணறும்.

பெட்ரோல் வரும் வழியை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். டேங்க் மூடியில் காற்று உள்ளே போகும் துளை, டேங்கின் உள்ளே உறிஞ்சும் குழாயும் அதன் நுனியில் வலையும், அங்கிருந்து பம்ப், பம்பிலிருந்து காருக்கு அடியில் முன்னால் வரும் நீளமான உலோகக் குழாய், எஞ்சின் பக்கம் ரப்பர் ஹோஸ், யாராவது வைத்திருந்தால் ஒரு ஃபில்ட்டர், கடைசியாகக் கிண்ணத்தின் மூடியில் ஊசி வால்வு. பம்ப் இருப்பது வலது பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், காரின் அடியில். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த வரிசையில் எந்த இடம் என்று தேடுவதுதான்.

வீட்டு வாசல்ல ஒரு மணி நேரம் ஐடில்ல நிக்குது, ஒண்ணும் ஆகல. ரோட்டுல அறுபதைத் தாண்டினா செத்துடுது. எப்படி?

தேவை அவ்வளவு மாறுகிறது. மணிக்கு 60 மைலில் சமதரையில் போகும்போது இந்த 1798 சிசி எஞ்சின் ஒரு மணி நேரத்தில் சுமார் 9 லிட்டர் குடிக்கும். அதாவது நிமிடத்துக்கு 150 மில்லி. ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்து ஏற்றம் ஏறினால் என் கணக்கில் நிமிடத்துக்கு 400 மில்லி பக்கம் வரும். ஐடிலில் அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். பாதி அடைத்துப்போன குழாய் ஐடிலுக்குத் தாராளம், ஊருக்குள் ஓட்டப் போதும், ஏற்றத்துக்குப் போதாது.

எனக்கு முதலில் வந்ததும் அப்படித்தான். எம்40 நெடுஞ்சாலையில் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து லண்டன் பக்கம் வரும்போது, சில்டர்ன் குன்றின் சுண்ணாம்புப் பாறையை வெட்டி ஒரு நீண்ட ஏற்றம் போட்டிருக்கிறார்கள். அதில் பாதி ஏறியதும் கார் இருமத் தொடங்கும். காலை எடுத்து வேகத்தைக் குறைத்தால் அரை நிமிடத்தில் பழையபடி இழுக்கும். காலை எடுத்ததும் கிண்ணம் மறுபடி நிரம்பியது, அவ்வளவுதான். ஆகவே வாசலில் வைத்து ஐடிலில் ஓட்டி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இது பெட்ரோல் கோளாறா, இக்னிஷன் கோளாறான்னு ஓட்டிக்கிட்டிருக்கும்போதே தெரிஞ்சுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் மெல்ல மெல்லச் சாகும். முதலில் இழுவை குறையும், பிறகு குலுக்கும், சில சமயம் கார்புரேட்டர் வழியாக "பட்" என்று திருப்பி அடிக்கும். இக்னிஷன், அதாவது பிளக்கில் பொறி உண்டாக்கும் மின்சாரம் போனால் ஸ்விட்சை அணைத்த மாதிரி சட்டென்று நிற்கும். அந்த நேரத்தில் ஆர்பிஎம் மீட்டரைப் பாருங்கள். கார் கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் சுழியத்துக்கு விழுந்தாலோ தாறுமாறாகத் துள்ளினாலோ காயில், கண்டென்சர், வயர் பக்கம் போங்கள். எஞ்சினோடு சேர்ந்து நிதானமாக இறங்கினால் பெட்ரோலைச் சந்தேகப்படலாம். இதில் இரண்டு விலக்கு. ஆரம்ப வருடக் கார்களில் மீட்டர் கேபிளில் ஓடும், அதனால் ஒன்றும் சொல்லாது. பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் ரோட்டர் ஆர்ம் எரிந்திருந்தால் மீட்டர் ஏமாந்துவிடும், ஏனென்றால் காயில் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகவே நடக்கும்.

இன்னொரு நல்ல சோதனை சோக். திணறும்போது சோக்கைப் பாதி இழுங்கள். எஸ்யூவில் சோக் இழுத்தால் ஜெட் கீழே இறங்கி அதிகப் பெட்ரோல் விடும். சோக் இழுத்ததும் எஞ்சின் கொஞ்சமாவது உயிர் பெற்றால் கலவையில் பெட்ரோல்தான் குறைவு. இன்னும் மோசமானால் வேறு ஏதோ. இத்தனை வருடத்தில் எனக்கு அதிகம் உதவியது இதுதான்.

திணறும் நேரத்தில் எஞ்சினை அணைத்து, கிளட்ச் மிதித்து, ஓரமாக உருண்டு நின்று ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும் உண்டு. முனை வெளிறி வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் குறைவு. ஆனால் உருளும்போது சாவியை வெளியே எடுத்துவிடாதீர்கள். ஸ்டியரிங் பூட்டு உள்ள கார்களில் அது பூட்டிக்கொள்ளும்.

சாவி போட்டா பின்னாடி டிக் டிக்னு சத்தம் வருது. அப்போ பம்ப் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

டிக் டிக் என்றால் பம்ப் அசைகிறது என்று மட்டும் அர்த்தம். எஸ்யூ பம்பின் உள்ளே ஒரு மின்காந்தக் காயில் டயாஃபிரம் என்ற மெல்லிய சவ்வை இழுக்கிறது, அப்போது டேங்கிலிருந்து பெட்ரோல் உள்ளே வருகிறது. இழுத்து முடிந்ததும் பாயின்ட் என்ற சின்ன ஸ்விட்ச் திறந்து மின்சாரம் நிற்கும். பிறகு ஸ்பிரிங் டயாஃபிரத்தைத் தள்ளி பெட்ரோலை முன்னால் அனுப்பும். கிண்ணம் நிரம்பி ஊசி வால்வு மூடினால் ஸ்பிரிங் தள்ள முடியாமல் அப்படியே காத்திருக்கும். ஒவ்வொரு டிக்கும் ஒரு இழுப்பு.

அதனால் சத்தத்தின் வேகத்தைக் கேட்க வேண்டும். சாவி போட்டதும் சில வினாடி வேகமாக அடித்து, பிறகு மெதுவாகி, நின்றுபோனால் நல்லது. எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது அரை நிமிடத்துக்கு ஒரு டிக் வந்தால் பரவாயில்லை. நிற்காமல் படபடவென்று அடித்தால் பம்புக்கு எதிர்ப்பே இல்லை, அதாவது டேங்க் காலி அல்லது டேங்குக்கும் பம்புக்கும் நடுவே எங்கோ காற்று இழுக்கிறது. நிதானமாக அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது பம்பின் வால்வோ கார்புரேட்டரின் ஊசியோ சரியாக மூடவில்லை. கார் திணறும் நேரத்தில் டிக் மிக மெதுவாக, சிரமப்பட்டு வந்தால் அடைப்பு. சத்தமே இல்லையென்றால் மின்சாரம், எர்த், அல்லது பம்பின் பாயின்ட்.

ஓடும்போது இது காதில் விழாது. திணறியதும் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, உடனே சாவியை மட்டும் போட்டுக் கேளுங்கள். கிண்ணம் உண்மையிலேயே காலியாகியிருந்தால் பம்ப் நிறைய நேரம் அடிக்கும். இரண்டே டிக்கில் நின்றால் ஒன்று கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது, அல்லது ஊசி வால்வு மூடியபடி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பம்பை ஒரு தட்டு தட்டினா ஓட ஆரம்பிக்குது. தட்டிக்கிட்டே ஓட்டலாமா?

வீடு போய்ச் சேரலாம். தட்டினால் ஓடுகிறது என்றால் பாயின்ட் கருகியிருக்கிறது. பல மாதம் நிறுத்தி வைத்த காரில் பாயின்ட்டில் மெல்லிய படலம் படிந்தும் இப்படி ஆகும். அதற்குக் கடினமான காகிதத் துண்டு ஒன்றைப் பாயின்ட்டின் நடுவே விட்டு இழுத்தாலே சில சமயம் போதும். உண்மையிலேயே கருகியிருந்தால் பாயின்ட் செட் மாற்றுங்கள். அப்படியே பம்பின் மூச்சுக் குழாய்களில் சேறு அடைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், டயாஃபிரத்தின் பின்பக்கம் காற்று போய் வர வேண்டும்.

டேங்க் மூடியைத் திறந்தா புஸ்ஸுனு சத்தம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கலாம். பெட்ரோல் வெளியே போன இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி பம்பை எதிர்த்து இழுக்கும். துளை உள்ள மூடி இருக்க வேண்டிய காரில் துளையில்லாத மூடியை யாராவது போட்டிருப்பார்கள். கடையில் இரண்டு வகையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அமெரிக்காவுக்குப் போன பிற்காலக் கார்களில் மூடி இறுக்கமாகத்தான் இருக்கும், காற்று வேறு குழாய் வழியாக வரும். அந்தக் காரில் மூடியைக் குறை சொல்லாமல் அந்தக் குழாயைப் பாருங்கள்.

சோதிக்கக் காசு செலவில்லை. கோளாறு வந்ததும் நிறுத்தி மூடியைத் திறந்து மூடுங்கள். உடனே சரியாகி, அதே தூரம் ஓடியதும் மறுபடி வந்தால் அகப்பட்டுவிட்டது. ஆனால் நிறுத்திய அந்த ஒரு நிமிடத்திலேயே கிண்ணமும் நிரம்பிவிடும் என்பதை மறக்காதீர்கள். அடுத்த முறை மூடியைத் திறக்காமல் அதே நேரம் நின்று பார்த்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். வெயிலில் நின்ற காரில் வரும் புஸ் சத்தம் உள்ளே இருக்கும் ஆவி வெளியே வருவது, அது வேறு.

பம்ப் சரியா தள்ளுதான்னு வீட்டிலேயே பார்க்கலாமா? மெக்கானிக்கிட்டதான் போகணுமா?

வீட்டிலேயே பார்க்கலாம். பார்த்த பிறகே பம்ப் வாங்கவும் வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, திறந்த வெளியில், தீயணைப்பான் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். கராஜுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வேண்டாம். பெட்ரோல் ஆவி தரையோடு ஊர்ந்து போகும். பக்கத்தில் ஹீட்டரோ பாய்லரோ இருந்தால் அங்கே போய்ப் பற்றிக்கொள்ளும்.

இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயரைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் சாவி போட்டு வைத்திருக்கும் நேரம் முழுக்கக் காயில் சூடாகும். கார்புரேட்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி, அளவுக் கோடு போட்ட, பெட்ரோல் தாங்கும் ஜாடி ஒன்றில் விடுங்கள். ஒருவர் ஜாடியைப் பிடிக்க, இன்னொருவர் சாவியைப் போட்டு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 1960களின் நடுவிலிருந்து வந்த எஸ்யூ பம்ப் மணிக்கு 15 பிரிட்டிஷ் காலன், அதாவது 68 லிட்டர் தள்ள வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேலே வருகிறது. பழைய பம்ப் என்றால் ஒரு லிட்டர் வந்தாலே நான் திருப்தி அடைவேன். அரை லிட்டருக்குக் கீழே வந்தால், மேலே சொன்ன ஏற்றக் கணக்கோடு ஒப்பிடுங்கள், விளிம்பில் நிற்கிறீர்கள்.

அளவை மட்டும் பார்க்காதீர்கள், பெட்ரோல் எப்படி வருகிறது என்றும் பாருங்கள். முதல் சில வினாடி குமிழி வருவது சகஜம். அதற்குப் பிறகும் நுரைத்துக்கொண்டே வந்தால் உறிஞ்சும் பக்கம் காற்று எடுக்கிறது. நன்றாக ஆரம்பித்து முப்பது நாற்பது வினாடியில் சோர்ந்துபோனால் டேங்க் பக்கம் அடைப்பு. இதற்காகத்தான் முழு நிமிடமும் எண்ணச் சொன்னேன். பத்து வினாடி பார்த்துவிட்டு ஆறால் பெருக்கினால் இது தெரியாமலே போய்விடும்.

ஜாடி கால்வாசிதான் நிறைஞ்சுது. அப்போ புது பம்ப் வாங்கிடட்டுமா?

இன்னும் இல்லை. குறைந்தது பம்பாலா, பம்புக்கு முன்னால் இருப்பதாலா, பின்னால் இருப்பதாலா என்று ஜாடிக்குத் தெரியாது. வழியை இரண்டாக வெட்டுங்கள். பம்புக்குள் வரும் குழாயைக் கழற்றி (டேங்கில் பெட்ரோல் இருந்தால் அது ஒழுகும், குழாயை அடைக்க ஏதாவது தயாராக இருக்கட்டும்), ஒரு கேனில் சுத்தமான பெட்ரோல் வைத்து, அதிலிருந்து தனி ஹோஸில் பம்புக்கு இழுக்க விடுங்கள். மறுபடி ஒரு நிமிடம். ஜாடி நிரம்பினால் குற்றவாளி டேங்க், வலை, அல்லது டேங்கிலிருந்து பம்புக்கு வரும் குழாய். அப்போதும் நிரம்பவில்லையென்றால் பம்பின் வெளிவாயில் நேரடியாக ஹோஸ் மாட்டிப் பாருங்கள். அங்கே நன்றாக வந்து முன்னால் குறைந்தால் நீளக் குழாயோ முன் ஹோஸோ நசுங்கியோ அடைத்தோ இருக்கிறது. காரை ஜாக் வைத்துத் தூக்கும்போது இந்தக் குழாயை நசுக்கியவர்களை எனக்குத் தெரியும். அங்கேயும் வரவில்லை என்றால்தான் பம்ப். அதிலும் முதலில் அதற்கு வரும் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும், கீழே சொல்கிறேன்.

பத்து நிமிஷம் ஓரமா நிறுத்தினா தானா சரியாயிடுது. அரை மணி ஓடினதும் திரும்ப வருது. பேயா?

டேங்கில் குப்பை. துருத் தூளோ, யாரோ உள்ளே பூசிய டேங்க் சீலர் உரிந்து வந்த செதிலோ, பெட்ரோல் ஓடும்போது வலையை நோக்கி இழுபட்டு அதன் மேல் அப்பிக்கொள்ளும். பம்ப் நின்றதும் உறிஞ்சல் இல்லாமல் கீழே விழும். மறுபடி புறப்பட்டால் மறுபடி சேரும். எம்40 ஏற்றத்தில் என்னைப் படுத்தியதும் இதுதான். ஆனால் நான் அப்போது ஜாடி எடுக்கவில்லை. புதுப் பம்ப் வாங்கினேன், பிறகு காயில், பிறகு கண்டென்சர். மூன்றும் மாட்டி அதே ஏற்றத்தில் அதே இடத்தில் இருமியது. பழைய பம்பைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தேன், இன்று காரில் இருப்பது அதுவே.

உறுதி செய்ய, டேங்கிலிருந்து பம்புக்குள் வரும் குழாயைப் பம்ப் பக்கம் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து வைத்து, கால் பம்பால் மெதுவாக டேங்க் பக்கம் காற்றடியுங்கள். கம்ப்ரஸர் வேண்டாம், பம்ப் வழியாகவும் அடிக்க வேண்டாம். முதலில் தடை இருந்து, பிறகு டேங்கில் கலகலவென்று குமிழிச் சத்தம் கேட்டால் அடைப்பு விலகிவிட்டது. கார் சில நாள் நன்றாக ஓடும், பிறகு மறுபடி வரும், ஏனென்றால் குப்பை உள்ளேயேதான் இருக்கிறது. டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். இறக்கியதும் மேல்தகட்டைப் பாருங்கள். எம்ஜிபி டேங்க் பெரும்பாலும் மேலிருந்துதான் துருப்பிடிக்கும். டேங்குக்கும் டிக்கித் தரைக்கும் நடுவே சேறும் ஈரமும் தங்கிவிடும். ஊசித் துளை விழுந்திருந்தால் மழைத் தண்ணீரும் உள்ளே போயிருக்கும். அந்த நிலையில் பழைய டேங்குக்குச் சீலர் பூசுவதைவிடப் புது டேங்கே வாங்கிவிடுங்கள் என்பேன். பூச்சு உரிந்தால் என்ன ஆகும் என்று இப்போதுதான் பார்த்தோம்.

ஹோஸ் எல்லாம் போன வருஷம்தான் மாத்தினேன். அதைப் பார்க்க வேண்டாம்ல?

பாருங்கள். எத்தனால் தாங்காத ரப்பர் சில மாதங்களிலேயே உள்ளே ஊதிப்போகும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே வழி ஒரு ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருக்கும். இதைவிட மோசம், உள் அடுக்கு ஓரிடத்தில் பிரிந்து நாக்கு மாதிரித் தொங்குவது. பெட்ரோல் வேகமாக ஓடும்போது அது எழுந்து வழியை மூடும், நின்றால் படுத்துக்கொள்ளும். அறிகுறி முந்தைய கேள்வியில் சொன்ன டேங்க் குப்பை போலவே இருக்கும். கையால் அழுத்தித் தெரிந்துகொள்ள முடியாது, நீளவாக்கில் வெட்டித்தான் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் ஈ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால். இந்தியாவில் இப்போது 20 சதவீதம். புது ஹோஸ் வாங்கும்போது அதன் மேலேயே ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அச்சு இல்லாத ஹோஸை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை.

கண்ணாடி ஃபில்ட்டர் வச்சிருக்கேன். அதுல பாதிதான் பெட்ரோல் தெரியுது. இதுதானே காரணம்?

அநேகமாக இல்லை. ஃபில்ட்டரின் மேல்பகுதியில் சிக்கிய காற்று அங்கேயே உட்கார்ந்திருக்கும், அதன் கீழே பெட்ரோல் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். திணறும்போது அது முழுக்கக் காலியாகிறதா என்று மட்டும் பாருங்கள். ஃபில்ட்டரைப் பம்புக்குப் பிறகு வையுங்கள். முன்னால் வைத்தால் கொஞ்சம் அழுக்கு சேர்ந்தாலே பம்பால் உறிஞ்ச முடியாது. கண்ணாடி ஃபில்ட்டரையே எனக்குப் பிடிக்காது, சூடான எஞ்சினுக்கு மேலே அது விரிசல் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பம்ப் வயர்ல மீட்டர் வச்சா 12 வோல்ட் காட்டுது. ஆனா பம்ப் சோம்பேறியா அடிக்குது.

வயரைக் கழற்றி அளந்தீர்களா? அப்படி அளந்தால் ஒரே ஒரு இழை பிடித்துக்கொண்டிருந்தாலும் 12 காட்டும். வயர் மாட்டியபடி, பம்ப் அடித்துக்கொண்டிருக்கும்போது, பம்பின் முனைக்கும் பம்பின் உடலுக்கும் நடுவே அளக்க வேண்டும். பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ விழுங்குகிறது. வழக்கமான இடங்கள் இரண்டு. வெள்ளை வயர் இணையும் புல்லட் கனெக்டர் பச்சை பிடித்திருக்கும், அல்லது கறுப்பு எர்த் வயரின் போல்ட் துருப்பிடித்திருக்கும். எர்த்தைச் சோதிக்க, பம்பின் உடலிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்குத் தற்காலிகமாக ஒரு தனி வயர் இழுங்கள். பம்ப் சுறுசுறுப்பானால் விடை கிடைத்துவிட்டது. இந்த இணைப்பை மாட்டும்போதும் கழற்றும்போதும் பொறி வரும், பெட்ரோல் ஒழுகிக் கிடக்கும் இடத்தில் செய்யாதீர்கள். கடைசி வருடங்களின் கார் சிலவற்றில் மோதினால் பம்பை நிறுத்தும் ஸ்விட்ச் ஒன்று உண்டு, அதையும் பாருங்கள்.

1967 வரை வந்த எம்ஜிபி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை கார் உடலோடு இணைந்திருக்கும். பாயின்ட்டும் கண்டென்சரும் மட்டும் உள்ள பழைய பம்புக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். டயோடு வைத்த பம்பும் எலக்ட்ரானிக் பம்பும் அப்படியல்ல, மாற்றிக் கொடுத்தால் போய்விடும். பழைய கார்களில் நடுவில் யாராவது நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருப்பார்கள். புத்தகத்தை நம்பாமல் பேட்டரியைப் பார்த்து வாங்குங்கள்.

வெயில் நாள்ல மட்டும் வருது. வேப்பர் லாக்தானே?

சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வழியை அடைப்பதுதான் வேப்பர் லாக். எம்ஜிபியில் அந்தப் பெயரைக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறார்கள். பம்ப் பின்னால், குளிர்ந்த இடத்தில் இருந்து அழுத்தித் தள்ளுகிறது. அழுத்தத்தில் உள்ள பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. ஓடும்போது வருவது வேப்பர் லாக்காக இருக்க வாய்ப்பு குறைவு. முதலில் கண்டென்சரைப் பாருங்கள், அதுவும் சூட்டில்தான் சாகும்.

நெடுந்தூரம் ஓடி, நிறுத்தி, கால் மணி கழித்து ஸ்டார்ட் செய்தால் திணறுகிறதா? அது வேறு. எஞ்சின் நின்றதும் காற்றோட்டம் போய், எக்ஸாஸ்டின் சூடு மேலே ஏறி, கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலே கொதிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலில் இது இன்னும் சீக்கிரம். கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய வெப்பத் தகடும் அதன் உறையும் இருக்கின்றனவா பாருங்கள், பல கார்களில் யாரோ கழற்றிப் போட்டிருப்பார்கள். நிறுத்தியதும் பானட்டைத் திறந்து வைப்பதும் உதவும்.

ஜாடி டெஸ்ட்ல ஒரு லிட்டருக்கு மேல வந்துது. ஆனாலும் மேல ஏற மாட்டேங்குது.

அப்படியானால் பின்பக்கத்தை மறந்துவிட்டு கார்புரேட்டருக்கு வாருங்கள். ஊசி வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம், அதன் இருக்கையில் தூசி இருக்கலாம். எஸ்யூ எச்எஸ்4 என்றால் கிண்ணத்தின் மூடியைத் தலைகீழாகப் பிடித்து, ஊசி மூடிய நிலையில் மூடிக்கும் ஃப்ளோட்டின் கைக்கும் உள்ள இடைவெளியை அளக்கலாம். 3.2 முதல் 4.8 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதிகமானால் கிண்ணத்தில் மட்டம் தாழ்ந்தே இருக்கும். இரண்டு கார்புரேட்டரில் ஒன்று மட்டும் பட்டினி கிடந்தால் 1, 2 அல்லது 3, 4 சிலிண்டர்களின் பிளக் மட்டும் வெளிறியிருக்கும். பிளக்கை வரிசையாக வைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் என்று உடனே தெரியும்.

பெட்ரோல் குறைவு போலவே நடிக்கும் ஒன்று, டேம்பரில், அதாவது கார்புரேட்டரின் பிஸ்டன் சட்டென்று எழாமல் தடுக்கும் பகுதியில், ஆயில் இல்லாதது. கார்புரேட்டரின் மேலே உள்ள சிறு மூடியைத் திருகி ஆயில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது ஒரு வினாடி இருமும். ஆனால் நிதானமாக ஏற்றம் ஏறும்போது தொந்தரவு செய்யாது. அதை வைத்துப் பிரித்துவிடலாம். இவை எல்லாம் சரி, சோக் இழுத்தாலும் மாற்றமில்லை என்றால் மூன்றாவது கேள்விக்குத் திரும்பிப் போய் ரோட்டர் ஆர்மை மாற்றிப் பாருங்கள்.

பேசாம பெரிய பம்ப் ஒண்ணு போட்டா எல்லாம் தீர்ந்துடாதா?

தீராது. வலை அடைத்திருந்தால் பெரிய பம்பாலும் உறிஞ்ச முடியாது. எஸ்யூ கார்புரேட்டரின் ஊசி சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு பக்கம் உள்ள அழுத்தத்துக்கு ஏற்றது. ரேஸ் காருக்கான பம்ப் அதைப் போல இரண்டு மடங்கு தரும். ஊசியைத் தள்ளிக்கொண்டு கிண்ணம் வழிந்து, சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் பெட்ரோல் கொட்டும். வேறு பம்ப் போட்டே ஆக வேண்டுமென்றால் குறைந்த அழுத்த வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

என்னோடது எம்ஜிபி இல்ல. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

ஜாடியும் கேனும் பெரும்பாலும் பொருந்தும். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரில் பம்ப் எஞ்சினில் மாட்டி, கேம்ஷாஃப்ட்டால் ஓடும். டிக் சத்தம் கிடையாது, எஞ்சினைச் சுற்றவிட்டுத்தான் அளக்க வேண்டும். டேங்கிலிருந்து எஞ்சின் வரை முழு நீளமும் உறிஞ்சும் பக்கம் என்பதால் காற்று எடுப்பதும் வேப்பர் லாக்கும் அங்கே உண்மையான தொல்லை. ஜாகுவார் ஈ-டைப் 4.2-இல் எஸ்யூ பம்ப்தான், அதற்கு முந்தைய 3.8-இல் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கி இருக்கும். பெட்ரோல் இஞ்செக்ஷன் உள்ள ட்ரையம்ஃப் டிஆர்6-இல் மட்டும் இந்த ஜாடி வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். அதில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்கு மேல்.

மாசத்துல ஒரு தடவைதான் வருது. நான் சோதிக்கும்போது எல்லாம் ஒழுங்கா இருக்கு. என்ன பண்றது?

காரில் சாட்சி வையுங்கள். பம்பின் முனையிலிருந்தும் அதன் உடலிலிருந்தும் இரண்டு வயர் எடுத்து, ஃபியூஸ் போட்டு, உள்ளே டேஷ்போர்டில் ஒரு சிறு பல்பு மாட்டுங்கள். கார் திணறும்போது பல்பு அணைந்தால் மின்சாரம் போகிறது. எரிந்துகொண்டிருந்தால் மின்சாரம் வருகிறது, அடைப்பையோ பம்பின் பாயின்ட்டையோ பார்க்க வேண்டும். அழுத்தமானி மாட்டுவதானால் சென்சார் எஞ்சின் பக்கமும் முள் உள்ளேயும் இருக்கும் மின்சார வகை வாங்குங்கள். பெட்ரோல் குழாயை காருக்குள் கொண்டுவந்து மாட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்தக் காரில் நான் ஏறமாட்டேன்.

அப்புறம் ஒரு நோட்டு. எவ்வளவு பெட்ரோல் இருந்தது, எத்தனை மைல் ஓடியிருந்தது, ஏற்றமா வளைவா, சோக் இழுத்ததும் என்ன ஆனது, பல்பு எரிந்ததா என்று வந்த உடனே எழுதுங்கள். நண்பர் ஒருவர் மூன்று மாதம் எழுதினார். ஐந்து தடவையும் டேங்க் கால்வாசிக்குக் கீழே, ஐந்து தடவையும் நீளமான வளைவில். டேங்கை இறக்கினால் உறிஞ்சும் குழாயில் தரையிலிருந்து இரண்டு அங்குலம் மேலே ஒரு விரிசல். மட்டம் அதற்குக் கீழே போகும்போதெல்லாம் பெட்ரோலோடு காற்றையும் குடித்துக்கொண்டிருந்தது.